சிறு வெட்டுப் பைபாஸையும் ஸ்டென்டையும் இணைத்துச் செய்யும் சிகிச்சை: அப்பாவுக்குப் பொருந்துமா?

படுவான்கரையான் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 63. கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் வட்டையில் வேளாண்மை செய்பவர். நீண்ட காலமாகச் சீனி வருத்தம் உண்டு. பிறஷருக்கும் குளிசை எடுக்கிறார். கடந்த பெரும்போக அறுவடைக் காலத்தில் வரம்பில் சிறிது தூரம் நடந்தாலே நெஞ்சு இறுகுவதாகச் சொல்லத் தொடங்கியதால் இதய வைத்திய நிபுணரிடம் காட்டி, சாயம் செலுத்தி நாடிகளைப் படமெடுக்கும் அஞ்சியோகிராம் செய்தோம். அறிக்கையின்படி, இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடிகளில் ஒன்றான இடது முன்னிறங்கு நாடியின் தொடக்கத்தில் 90 வீத அடைப்பு உள்ளது. அது நீளமானது, சுண்ணாம்பும் படிந்தது. வலது முடியுரு நாடியின் நடுப்பகுதியில் 80 வீத அடைப்பு, அது குறுகியது. சுற்று நாடியில் கவலைப்படும் அளவுக்கு எதுவும் இல்லை. இதயத்தின் பம்பும் திறன் 50 வீதம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேற்றினின் 1.4.

நீரிழிவு உள்ளவருக்கு இத்தகைய அடைப்பு இருந்தால் நாடியை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்டை விட, அடைப்பைத் தாண்டி வேறொரு குருதிக்குழாயைத் தைக்கும் பைபாஸே நல்லது என்று நிபுணர் கூறினார். அப்பாவோ நெஞ்செலும்பைப் பிளக்க ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன் என்கிறார். அவருடன் வயல் செய்யும் ஒருவருக்கு பைபாஸுக்குப் பிறகு நெஞ்சுக் காயத்தில் கிருமி ஏறி, மாதக்கணக்கில் மருந்து கட்ட நேர்ந்ததை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். இந்த நிலையில் வெளிநாட்டிலுள்ள மாமா ஒருவர், இடது மார்பின் கீழ்ச் சிறு வெட்டு வைத்து ஒரு நாடிக்கு மட்டும் பைபாஸ் செய்து, மற்றதற்கு ஸ்டென்ட் வைக்கும் முறை ஒன்று உண்டென்று தொலைபேசியில் சொன்னார். இது உண்மையாகவே பயனுள்ள சிகிச்சையா, அல்லது தனியார் வைத்தியசாலைகள் ஆள் சேர்க்கச் சொல்லும் கதையா? அப்படிச் செய்வதாயின் எதை முதலில் செய்வார்கள்? அதன் பிறகு அவர் வயலுக்குள் இறங்கலாமா? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

கல்லடிப்பாலம் எழுதுகிறார்:

தம்பி, நான் பொது வைத்தியம் பார்ப்பவன். சத்திரசிகிச்சை நிபுணன் அல்லன். அப்பாவின் அஞ்சியோகிராம் படத்தை நான் பார்க்கவும் இல்லை. ஆகவே நான் எழுதுவதை நிபுணரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கான உதவியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இது கதை அல்ல. 1996 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஆஞ்ஜெலினியும் அவருடைய குழுவினரும் இடது மார்பில் சிறு வெட்டு வைத்துச் செய்த பைபாஸையும், அடைப்பைப் பலூனால் விரிக்கும் சிகிச்சையையும் ஒரே நோயாளியில் இணைத்த அனுபவத்தை வெளியிட்டார்கள். அன்று முதல் பல நாடுகளில் இது செய்யப்பட்டு வருகிறது. இன்னும் பின்னோக்கிப் போனால், 1964 இல் லெனின்கிராட்டில் கொலெசோவ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், நெஞ்செலும்பைப் பிளக்காமல் இடப்பக்க விலா இடைவெளி வழியாக, துடித்துக்கொண்டிருந்த இதயத்திலேயே மார்பின் உட்புற நாடியை முடியுரு நாடியுடன் தைத்தார். இன்று புதுமை என்று சொல்லப்படுவதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

இந்தச் சிகிச்சையின் தர்க்கம் முழுவதும் ஒரே ஒரு நாடியில் தங்கியுள்ளது. இதயத்தின் இடது கீழறைக்குச் செல்லும் இரத்தத்தில் ஏறத்தாழப் பாதியை இடது முன்னிறங்கு நாடியே கொண்டு செல்கிறது. நெஞ்செலும்பின் இடப்பக்க ஓரமாக உட்புறத்தில் ஓடும் உள்மார்பு நாடியை அதனுடன் இணைத்தால், பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவர்களில் அந்த இணைப்பு அடைபடாமல் இருக்கிறது. அந்த நாடியின் உட்சுவர் நைட்ரிக் ஒக்சைட்டை நிறையச் சுரப்பதால் அதில் கொழுப்புப் படிவது மிகவும் அரிது. காலிலிருந்து எடுத்து மற்ற நாடிகளுக்குத் தைக்கும் நாளமோ அப்படியன்று. பத்து ஆண்டுகளில் அவற்றில் ஏறத்தாழப் பாதி அடைபட்டோ பழுதடைந்தோ போகின்றன, சில முதலாண்டிலேயே மூடிவிடுகின்றன. வழமையான பைபாஸில் ஆயுளைக் கூட்டுவது பெரும்பாலும் அந்த ஓர் உள்மார்பு நாடிதான் என்றால், அதை மட்டும் சிறு வெட்டால் செய்துவிட்டு, வலது நாடியில் உள்ள குறுகிய அடைப்புக்குக் கால் நாளத்துக்குப் பதிலாக மருந்து பூசிய ஸ்டென்டை வைக்கலாமே என்பதுதான் கேள்வி. உங்கள் அப்பாவின் அறிக்கையை நீங்கள் எழுதியிருக்கும் விதத்தில் பார்த்தால், இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு அது மிகவும் பொருத்தமான அறிக்கை: ஸ்டென்டுக்குக் கடினமான அடைப்பு முன்னிறங்கு நாடியிலும், ஸ்டென்டுக்கு இலகுவான அடைப்பு வலது நாடியிலும் இருக்கின்றன.

நிபுணர் பைபாஸை வலியுறுத்தியதற்கும் நல்ல காரணம் உண்டு. பல நாடிகளில் அடைப்புள்ள 1,900 நீரிழிவு நோயாளிகளை வைத்துச் செய்யப்பட்ட ஃப்ரீடம் என்ற ஆய்வு 2012 இல் வெளிவந்தது. ஐந்து ஆண்டுகளில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைச் சந்தித்தவர்கள் ஸ்டென்ட் குழுவில் 26.6 வீதமாகவும் பைபாஸ் குழுவில் 18.7 வீதமாகவும் இருந்தனர். பக்கவாதம் மட்டும் மறுபக்கமாக, பைபாஸ் குழுவில் 5.2 வீதமாகவும் ஸ்டென்ட் குழுவில் 2.4 வீதமாகவும் இருந்தது. ஆகவே எல்லா அடைப்புக்கும் ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்று யாராவது உங்களுக்கு ஆறுதல் சொன்னால் அதை நம்ப வேண்டாம். சிறு வெட்டு முறையில், இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியைத் தொட்டு அதிலிருந்து துகள்கள் மூளைக்குப் போக இடமளிக்காமலே வேலை முடிந்துவிடுவதால் பக்கவாத அபாயம் குறையும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. பெருநாடியில் சுண்ணாம்பு படிந்தவர்களுக்கு இது பெரிய விடயம்.

ஆனால் ஒன்றைத் திறந்து சொல்ல வேண்டும். சிறு வெட்டுப் பைபாஸையும் ஸ்டென்டையும் சேர்க்கும் இந்த இணைப்பு முறை வழமையான பைபாஸை விட ஆயுளைக் கூட்டும் என்று எவரும் நிரூபிக்கவில்லை. போலந்தில் 200 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2018 இல் வந்தது; இரு குழுக்களுக்கும் இறப்பில் புள்ளிவிபர ரீதியான வேறுபாடு இருக்கவில்லை. அமெரிக்காவில் இணைப்பு முறையைப் பல நாடி ஸ்டென்டுடன் ஒப்பிட 2,300 க்கும் அதிகமானோரைச் சேர்க்கத் திட்டமிட்ட பெரிய ஆய்வு, ஆட்கள் போதிய வேகத்தில் சேராததால் 200 பேருடன் நிறுத்தப்பட்டது. 2018 ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டல், அனுபவமுள்ள நிலையங்களில் தெரிந்தெடுத்த நோயாளிகளுக்கு இதைக் கருத்திற்கொள்ளலாம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. என் பார்வையில் அந்த வாக்கியத்தில் கனமான சொல் "அனுபவமுள்ள" என்பதே. துடிக்கும் இதயத்தில், விலா இடைவெளி வழியாக, ஒன்றரை இரண்டு மில்லிமீற்றர் அகலமான நாடியில் தையல் போடுவதை எப்போதாவது ஒருமுறை செய்யும் கையிடம் போவதை விட, நெஞ்செலும்பைத் திறந்து நாள்தோறும் பைபாஸ் செய்யும் கையிடம் போவது பாதுகாப்பானது.

எதை முதலில் செய்வது என்பதற்கு மூன்று வழிகள் உள்ளன. பைபாஸை முதலில் செய்துவிட்டுச் சில நாட்களோ சில வாரங்களோ கழித்து ஸ்டென்ட் வைப்பது பெரும்பாலும் விரும்பப்படும் வழி. ஸ்டென்ட் வைக்கும் வேளையில் புதிய இணைப்பு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சாயம் செலுத்திப் பார்த்துவிடலாம். அஸ்பிரினோடு சேர்த்துக் கொடுக்கும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் இரண்டாவது குளிசையையும் (குளோபிடோகிரெல் போன்றது) வெட்டுக் காயத்தின் கசிவு நின்ற பிறகே தொடங்கலாம். அதன் குறை என்னவென்றால், சத்திரசிகிச்சையின்போது வலது நாடியின் அடைப்பு அப்படியே இருக்கும். பின்னர் ஸ்டென்ட் சரிவராமற் போனால் மறுபடியும் சத்திரசிகிச்சையைப் பற்றி யோசிக்க நேரலாம். இரண்டாவது வழி ஸ்டென்டை முதலில் வைப்பது; மாரடைப்பு வந்து அதற்குக் காரணம் வலது நாடிதான் என்றால் அப்படித்தான் செய்தே ஆக வேண்டும். அப்போது குளோபிடோகிரெலையும் அஸ்பிரினையும் நிறுத்த முடியாது. நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபடும், நிறுத்தாமல் வெட்டினால் இரத்தம் அதிகம் போகும். வழமையாகச் சத்திரசிகிச்சைக்கு ஐந்து நாட்களுக்கு முன்னர் குளோபிடோகிரெலை நிறுத்துவார்கள் என்பதை வைத்து இந்த இக்கட்டை நீங்கள் புரிந்துகொள்ளலாம். மூன்றாவது வழி, ஒரே கூடத்தில் ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடிப்பது. அதற்கு எக்ஸ்ரே வசதியும் சத்திரசிகிச்சை வசதியும் இணைந்த தனிக் கூடம் வேண்டும்.

அப்பாவுக்கு மாரடைப்பு வரவில்லை, நடக்கும்போது மட்டுமே வலி என்பதால் முதலாவது வழியைத்தான் நிபுணர்கள் பேசுவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். கிரியேற்றினின் 1.4 என்பதைச் சாதாரணமாக விட்டுவிட வேண்டாம்; அஞ்சியோகிராமுக்குப் போட்ட சாயம் ஒருமுறை, ஸ்டென்டுக்குப் போடப்போகும் சாயம் இன்னொருமுறை என்று சிறுநீரகம் இரண்டு தடவை தாங்க வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் இடையில் போதிய நாட்கள் விடச் சொல்லுங்கள். அவர் சீனிக்கு மெட்ஃபோமின் குளிசை எடுப்பவராக இருந்தால் அதையும் முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள்.

சாய்ந்தமருதான் எழுதுகிறார்:

சகோதரரே, என் வாப்பாவுக்கு இதே இணைப்பு முறையில்தான் தமிழ்நாட்டில் ஒரு தனியார் வைத்தியசாலையில் செய்தோம். அவருக்கும் நீரிழிவு இருந்தது. காலில் நாளச் சுருக்கம் இருந்ததால் பைபாஸுக்கு எடுக்கக் கூடிய நல்ல நாளம் இல்லை என்பதே காரணம். மருத்துவ விளக்கத்தை மேலே ஐயா நன்றாக எழுதிவிட்டார். குடும்பத்தவர்கள் அறிய வேண்டிய சில விடயங்களை மட்டும் சேர்க்கிறேன்.

செலவைப் பற்றிக் கேட்கும்போது இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். எங்களுக்குச் சத்திரசிகிச்சைக்கு ஒரு தொகை சொன்னார்கள். ஸ்டென்டுக்கும் அதன் பிறகான தங்குதலுக்கும் வேறாகக் கட்ட வேண்டும் என்பதை வாப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போதுதான் கணக்குப் பகுதியில் இருந்தவர் சொன்னார். இரண்டுக்கும் இடையிலான வாரங்களில் தங்குமிடம், சாப்பாடு, கூட இருப்பவரின் விசா என்று எல்லாம் நீண்டுகொண்டே போயின. இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைகளிலேயே வழமையான பைபாஸ் இலவசமாகச் செய்யப்படுகிறது. கொழும்பு, கண்டி, கராப்பிட்டிய என்று இடங்கள் உள்ளன. காத்திருக்க வேண்டியிருக்கலாம் என்றாலும் முதலில் அந்தக் கதவைத் தட்டிப் பார்க்காமல் வெளியூருக்கு ஓடுவது சரியல்ல என்பது என் எண்ணம். தனியாரில் செய்யத்தான் வேண்டும் என்றால் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2025 இலிருந்து அதைக் கொழும்புக்குப் போகாமல் உங்கள் பிரதேச செயலகத்திலேயே கொடுக்க முடிகிறது. சத்திரசிகிச்சைக்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

குளிசை விடயத்தில் எங்களுக்குப் பெரிய குழப்பம் வந்தது நோன்பு காலத்தில்தான். ஸ்டென்ட் அடைபடாமல் இருக்க வாப்பாவுக்குக் கொடுத்திருந்த டிக்காகிரலோர் குளிசை நாளுக்கு இரண்டு வேளை எடுக்க வேண்டியது. விடியலுக்கு முன் ஸஹருக்கு ஒன்று, நோன்பு திறந்ததும் ஒன்று என்று அவரே தீர்மானித்துவிட்டார்; அது நேரக் கணக்கில் ஓரளவு பொருந்தினாலும், இன்சுலினையும் தன் எண்ணப்படி மாற்றியதுதான் ஆபத்தாகப் போகப் பார்த்தது. அதன் பிறகு நோன்புக்கு முந்திய மாதமான ஷஃபானிலேயே கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்கிறோம். முதல் வருடம் நோன்பு பிடிக்க வேண்டாம் என்று வைத்தியர் சொன்னபோது மார்க்க அறிஞர் ஒருவரும் அதையே சொன்னதால் வாப்பா ஏற்றுக்கொண்டார். உங்கள் அப்பாவும் கோயில் விரதங்கள் பிடிப்பவராக இருந்தால் இது அவருக்கும் பொருந்தும்.

அக்கரைப்பற்றுத் தாதி எழுதுகிறார்:

நான் இதய சத்திரசிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் தாதி. ஐயா எழுதியதில் ஒரு பகுதியோடு சற்று வேறுபடுகிறேன். உள்மார்பு நாடியைக் கால் நாளத்துடன் மட்டும் ஒப்பிட்டுவிட்டார். இப்போது பல சத்திரசிகிச்சை நிபுணர்கள் வலது நாடிக்கு முன்னங்கையிலிருந்து எடுக்கும் ஆரை நாடியைப் பயன்படுத்துகிறார்கள். அது கால் நாளத்தை விட நன்றாக நிலைக்கிறது. ஆகவே "நாளத்தை விட ஸ்டென்ட் மேல்" என்பதோடு நின்றுவிடாமல், "ஆரை நாடி கிடைக்குமா" என்றும் கேட்க வேண்டும். உங்கள் அப்பாவின் அஞ்சியோகிராமை மணிக்கட்டு வழியாகச் செய்திருந்தால் அந்தக் கையின் நாடியை எடுக்கத் தயங்குவார்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

சிறு வெட்டு என்றதும் வலியும் சிறிதாக இருக்கும் என்று பெரும்பாலான குடும்பத்தவர்கள் நினைக்கிறார்கள். உண்மை அப்படி இல்லை. விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை வைத்து விரிப்பதால், விலாவின் கீழே ஓடும் நரம்பு நசுங்கி, முதல் சில நாட்களில் நெஞ்செலும்பைப் பிளந்தவர்களை விடக் கூடுதலாகவே சிலர் முனகுவார்கள். அந்த நேரத்தில் வலிக்குப் பயந்து மூச்சை ஆழமாக இழுக்காமல் விட்டால் சளி கட்டி நியூமோனியா வரும். நரம்புக்கு மருந்து ஏற்றி மரக்கச் செய்வதும், மூச்சுப் பயிற்சியைக் கட்டாயப்படுத்துவதும் அதற்காகத்தான். அந்தச் சில நாட்களைத் தாண்டிய பிறகே சிறு வெட்டின் நன்மை தெரிய ஆரம்பிக்கும்.

எல்லோருக்கும் இதைச் செய்யவும் முடியாது. சத்திரசிகிச்சையின்போது இடது நுரையீரலைச் சுருக்கி, வலது நுரையீரலால் மட்டும் மூச்சு விடச் செய்வதால், நீண்டகாலப் புகைப்பழக்கத்தால் நுரையீரல் பழுதானவர்களுக்கு இது ஏற்றதல்ல. அப்பா சுருட்டோ பீடியோ குடித்தவரா என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். முன்பு இடது மார்பில் சத்திரசிகிச்சையோ கசநோயோ இருந்தாலும் நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டியிருக்கக் கூடும் என்பதால் சிரமம். முன்னிறங்கு நாடி இதயத் தசைக்குள் புதைந்து ஓடினாலோ, அடைப்புக்குக் கீழே அந்த நாடி முழுவதும் நோய்ப்பட்டுச் சிறுத்திருந்தாலோ, சிறு துளை வழியாகத் தேடிப் பிடித்துத் தைப்பது கடினம். இடக்கைக்குப் போகும் பெருங்கிளையில் அடைப்பு இருந்தால் உள்மார்பு நாடியே பயன்படாது. ஆகையால் இரண்டு கைகளிலும் பிறஷர் பார்த்து ஒப்பிடுவார்கள். திட்டமிட்டபடி போகாவிட்டால் அதே மேசையில் நெஞ்செலும்பைத் திறக்க நேரலாம் என்று ஒப்புதல் படிவத்தில் இருக்கும். அப்பா நெஞ்செலும்பைப் பிளக்க மாட்டேன் என்கிறார் என்பதால், இந்த வரியை அவருக்கு வாசித்துக் காட்டி விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வாங்க வேண்டாம்.

வயலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நெஞ்செலும்பைப் பிளந்தவர்களுக்கு எலும்பு பொருந்த ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். பாரம் தூக்குவதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் பொறுக்கச் சொல்வோம். சிறு வெட்டில் பொருந்த வேண்டிய எலும்பு இல்லாததால் இதைவிட விரைவாக நடமாடலாம். ஆயினும் முதுகில் சுமந்து மருந்தடிக்கும் டாங்கியும் நெல் மூட்டையும் வேறு கணக்கு. அவற்றைத் தொடுவதற்கு முன் ஸ்டென்டும் முடிந்திருக்க வேண்டும், பம்பும் திறனும் மறுபடி பார்க்கப்பட்டிருக்க வேண்டும். காயத்தில் கிருமி ஏறுவதைப் பற்றிய அப்பாவின் பயம் நியாயமானதுதான். நீரிழிவுள்ளவர்களில் நெஞ்செலும்புக் காயம் புண்படுவது மற்றவர்களை விட அதிகம். அந்தப் பயத்தைக் குறைக்க இப்போதே செய்யக் கூடியது, நாள் குறிக்கும் முன் சீனியைக் கட்டுக்குள் கொண்டுவருவது. கடைசி மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை எடுத்திருக்கிறீர்களா?

படுவான்கரையான் எழுதுகிறார்:

ஐயாவுக்கும் சகோதரருக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. அந்தப் பரிசோதனை எடுத்தோம், 9.2 வீதம் வந்திருக்கிறது. அப்பா பல காலமாகப் பீடி குடித்தவர், போன வருடம்தான் விட்டார். அஞ்சியோகிராம் வலது மணிக்கட்டு வழியாகச் செய்தார்கள். அக்கா சொன்ன படிவ வரியை அப்பாவிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தேவைப்பட்டால் திறக்கட்டும், தேவையில்லாமல் திறக்க வேண்டாம்" என்றார். சத்திரசிகிச்சை நிபுணரைச் சந்திக்கச் சம்மதித்துவிட்டார்.

இன்னும் ஒரு கேள்வி. ஸ்டென்ட் வைத்தால் இரண்டு குளிசைகளையும் எவ்வளவு காலம் எடுக்க வேண்டும்? மாரி காலத்தில் எங்கள் பக்கம் டெங்கு வரும். அந்தக் குளிசைகளோடு டெங்கு வந்தால் என்ன செய்வது?

கல்லடிப்பாலம் எழுதுகிறார்:

தாதியின் திருத்தத்தை ஏற்கிறேன். ஆரை நாடியைப் பற்றி நான் எழுதியிருக்க வேண்டும். இடக்கை நாடி தொடப்படாமல் இருப்பதால் அந்தக் கேள்வி உங்களுக்கு உயிருள்ள கேள்விதான்.

மாரடைப்பு இல்லாமல் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அஸ்பிரினோடு குளோபிடோகிரெலைப் பொதுவாக ஆறு மாதங்களும், மாரடைப்பு வந்தவர்களுக்குப் பன்னிரண்டு மாதங்களும் கொடுப்பது வழக்கம்; இரத்தக்கசிவு அபாயத்தைப் பார்த்து நிபுணர் கூட்டலாம், குறைக்கலாம். அதன் பிறகும் ஒரு குளிசை ஆயுள் முழுவதும் தொடரும். வயிற்றெரிவுக்கு மருந்துக் கடையில் ஒமெப்பிரசோல் வாங்கிக் கொடுக்காதீர்கள், அது குளோபிடோகிரெலின் வேலையைக் குறைக்கக் கூடியது. பான்டோபிரசோல் போன்ற வேறொன்றை எழுதித் தருவார்கள்.

டெங்குக் கேள்வி நம் ஊருக்கு மிகவும் தேவையான கேள்வி. டெங்கில், இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகள் குறையும்போது இந்தக் குளிசைகள் இரத்தக்கசிவைக் கூட்டும். ஆனால் புதிய ஸ்டென்ட் உள்ளவர் அவற்றைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபட்டு மாரடைப்பு வரலாம். இரண்டும் உயிராபத்து என்பதால் இதை வீட்டில் தீர்மானிக்க முடியாது. காய்ச்சல் தொடங்கிய அன்றே வைத்தியசாலைக்குப் போய், ஸ்டென்ட் வைத்த திகதி எழுதிய அட்டையைக் காட்டி, இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். பரசிட்டமோல் தவிர டைக்ளோபெனாக், இபுபுரோஃபென் போன்ற வலி மருந்துகள் எதையும் கொடுக்க வேண்டாம்.

சீனி 9.2 ஆக இருக்கையில், நெருக்கடி இல்லாவிட்டால், சில வாரங்கள் எடுத்து அதை இறக்கிய பிறகு வெட்டச் சொல்வார்கள். அந்த வாரங்களில் நெஞ்சு வலி ஓய்வில் வந்தாலோ, முன்பை விட அடிக்கடி வந்தாலோ காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பீடியின் வரலாற்றால் நுரையீரல் பரிசோதனையும் கேட்பார்கள். அது சரியில்லை என்றால் சிறு வெட்டுப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். சத்திரசிகிச்சை நிபுணரைப் பார்க்கப் போகும்போது அஞ்சியோகிராம் அறிக்கைத் தாளை மட்டும் கொண்டு போகாதீர்கள். படங்கள் பதிந்த சீடியையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். அடைப்புக்குக் கீழே முன்னிறங்கு நாடி எவ்வளவு அகலமாக, எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது என்பதை அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும், அதைத் தாளில் எழுதியிருக்க மாட்டார்கள்.